நடவாத ஒரு குத்துச்சண்டை: பிராட்லி – கான் வாதத்தின் ஆராய்ச்சி

1922-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குத்துச்சண்டை உலகிலே ஒரு விநோதம் நிகழ்ந்தது. 'லைட் வெயிட்' என்னும் எடைப்பிரிவுக்கு 135 ராத்தல் எல்லை. 'வெல்ட்டர் வெயிட்' என்னும் பிரிவுக்கு 147 ராத்தல் எல்லை. முன்னதற்கு மிகையும் பின்னதற்குக் குறையுமாய் இடையே நின்று இடர்ப்பட்ட வீரர் பலர். அவர்பொருட்டு 140 ராத்தல், அதாவது ஏறக்குறைய 63.5 கிலோகிராம், எல்லையாக வகுக்கப்பட்ட பிரிவே 'லைட் வெல்ட்டர் வெயிட்' என்பது. இப்புதிய பிரிவின் முதல் வாகையர் யாவர் என்பதைப் போர் நடத்தித் துணிந்தாரல்லர். 'பாக்சிங் பிளேட்' என்னும் பத்திரிகை தன் வாசகரிடம் வாக்குக் கேட்டது, வாசகர் பிங்கி மிச்செல் என்பாரைத் தெரிந்தெடுத்தனர், பட்டமும் அவர்க்காயிற்று. நான்காண்டு கழித்து 1926-ல் மஷி காலஹன் என்பவர் மிச்செலை அரங்கிலே வென்று அப்பட்டத்தைக் கைக்கொண்டார். வாசகர் கொடுத்ததை ஒரு வலிய கை வாங்கிக்கொண்டது என்க.

வாதத்திலே பிறந்த இப்பிரிவில் வாதம் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. இளமையும் வெற்றியும் ஒருங்கே உடைய இருவர் ஒரே காலத்தில் இப்பிரிவில் பட்டந்தாங்கி நிற்பாராயின், 'இவ்விருவரும் பொருதால் வெல்பவர் யார்?' என்னும் வினா எழாதிருப்பதில்லை. அத்தகைய வினாக்களுள் மிகச் சுவையுடையதும், இறுதிவரை அரங்கில் விடை காணாது போனதுமான ஒன்றை இவ்வியாசத்தில் ஆராயப் புகுகின்றோம். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கராகிய திமத்தி பிராட்லியும், ஆங்கிலநாட்டினராகிய அமீர் கானும் பொருதிருப்பின் யாது விளைந்திருக்கும் என்பதே அது. விளையாட்டைப் பற்றியதுதானே என்று மாணவர் இதனை எளிதாகத் தள்ளிவிடல் வேண்டா. நிகழாத ஒன்றைப் பற்றி நியாயமாக வாதிப்பது எங்ஙனம் என்பதைக் கற்பதற்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. மேலும், இவ்வாதத்தில் ஒருவர் மீது 'அஞ்சி ஓடினார்' என்னும் பழியும் சுமத்தப்பட்டதாகலின், அப்பழி தகுமா தகாதா என்பதும் நம்மால் ஆராயத்தக்கது.

முதற்கண் இருவர் வரலாற்றையும் சுருங்கக் கூறுவோம்.

பிராட்லி 1983-ல் கலிபோர்னியா மாகாணத்துப் பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைநிலத்து ஊரிலே பிறந்தவர். 'பாலைப் புயல்' எனப் பொருள்படும் பட்டப்பெயர் அவர்க்கு அமைந்தது இதனாலேயே. 2008-ஆம் ஆண்டு மே மாதம் அவர் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் நகருக்குச் சென்று, அந்நாட்டினரான ஜூனியர் விட்டர் என்னும் வாகையரை அவர் மண்ணிலேயே எதிர்த்தார். அப்போது பிராட்லியை அறிந்தார் மிகச் சிலரே. தம் வங்கிக் கணக்கில் அன்று இருந்தது 11 டாலரே என்று அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கின்றார். ஆறாஞ் சுற்றில் விட்டரை ஒருமுறை வீழ்த்தி, பன்னிரண்டு சுற்றின் முடிவில் பிளவுபட்ட தீர்ப்பால் வென்று, பட்டத்தோடு மீண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கெண்டல் ஹோல்ட் என்பாரை எதிர்த்தபோது முதற்சுற்றிலேயே கடுமையான ஓர் இடக்கைக் குத்தால் வீழ்ந்தார். கடைச்சுற்றில் மறுபடியும் வீழ்ந்தார். இடைப்பட்ட சுற்றுகளிற் பெரும்பாலானவற்றைத் தமதாக்கிக்கொண்டு வென்று, இரண்டாவது பட்டத்தையும் பெற்றார்.

கான் 1986-ல் போல்ட்டன் நகரிலே, பாகிஸ்தானிலிருந்து குடியேறிய மரபிலே பிறந்தவர். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், பதினேழே வயதினராய், இறுதிப்போர் வரை சென்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரது நாடு அவரை உடனே தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. ஆனால் 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் கொலம்பியா தேசத்தவரான பிரெய்டிஸ் பிரஸ்காட் என்பார் அவரை 54 விநாடிக்குள் சாய்த்துவிட்டார். வேறொருவராயின் அத்தோடு மறக்கப்பட்டிருப்பார். கானோ கலிபோர்னியாவில் ஹாலிவுட்டிலுள்ள பிரடி ரோச் என்னும் ஆசானை அடைந்து, அவரிடம் மீண்டும் அரிச்சுவடி தொடங்கினார் எனலாம். 2009 ஜூலையில் ஆந்திரியாஸ் கொட்டெல்னிக்கை மான்செஸ்டரில் வென்று, 140 ராத்தல் பிரிவிற் பட்டம் பெற்றார். 2010 டிசம்பரில், வலிய கையினரான அர்ஜென்டீனர் மார்க்கோஸ் மைதானாவை லாஸ் வேகாஸில் எதிர்த்து, முதற்சுற்றில் விலாவின்கீழ்க் குத்தி வீழ்த்தினார். பத்தாஞ் சுற்றிலே தாம் நிலைகலங்கித் தள்ளாடியும் வீழாது நின்று, சிறு வேறுபாட்டால் வென்றார். 114–111, 114–111, 113–112 என்பன அன்றைய தீர்ப்பாளர் இட்ட எண்கள்.

குத்துச்சண்டையில் உலகப்பட்டம் வழங்கும் தலைமைச் சங்கங்கள் நான்கு உள. ஆதலின் ஒரே எடைப்பிரிவில் ஒரே நாளில் நால்வர் 'உலக வாகையர்' எனத் திரிதலும் கூடும். உலகம் ஒன்றாயிருக்க வாகையர் நால்வராவது எப்படி என்று கேட்பார்க்கு விடை கூறுவது நம்மால் இயல்வதன்று. இக்குழப்பமே இருபட்டத்தாரும் தம்முட் பொருதல் வேண்டும் என்னும் வேட்கையைப் பொதுமக்களிடத்து வளர்ப்பது.

நிற்க. வாதத்துக்கு வருவோம்.

அறிவதற்குரிய வாயில்களை நம் முன்னோர் அளவைகள் என்றனர். கண்டறிதல் காட்சியளவை; கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல் கருதலளவை; தக்கார் கூற்றால் அறிதல் உரையளவை. நடவாத போரைப் பற்றிக் காட்சியளவைக்கு இடமில்லை. எஞ்சியவை இரண்டே. உரையளவையோ இத்துறையில் நம்பத்தக்கதன்று. ஏற்பாட்டாளர் சீட்டு விற்கப் பேசுவர், ஆசான் தம் மாணாக்கனுக்காகப் பேசுவார், அன்பர் தம் அன்பினால் பேசுவர். ஆகவே கருதலளவை ஒன்றையே நாம் பற்றுக்கோடாகக் கொள்ளல் வேண்டும். அதனையும் செவ்வையாகக் கையாளாவிடின் அது நம்மை எங்கே கொண்டு செல்லும் என்பதை முதலிற் காட்டுகின்றோம்.

மிகப் பலர் கையாளும் வாதம் சங்கிலி வாதம். 'இராமன் கிருஷ்ணனை வென்றான். கிருஷ்ணன் கோவிந்தனை வென்றான். ஆகவே இராமன் கோவிந்தனை வெல்வான்' என்பது அதன் வடிவம். பிராட்லி பக்கத்தார் இதனை ஆர்வத்தோடு எடுத்தாள்வர். 2009 டிசம்பரில் பிராட்லி, லமான்ட் பீட்டர்சன் என்பாரை எதிர்த்து, அவரை ஒருமுறை வீழ்த்தியதோடு ஏறக்குறைய எல்லாச் சுற்றுக்களையும் தமதாக்கிக்கொண்டார். ஒரு தீர்ப்பாளர் 120–107 என்றே எழுதினார். அதே பீட்டர்சன் 2011 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் கானை வென்றார். பிராட்லி பீட்டர்சனினும் மிகப் பெரியவர், பீட்டர்சன் கானினும் பெரியவர். முடிந்தது வழக்கு என்பர்.

முடியவில்லை. கான் பக்கத்தார் வேறொரு சங்கிலியைக் கொணர்வர். 2011 ஜனவரியில் டெவன் அலெக்சாண்டரைப் பிராட்லி வென்றார். ஆயினும் அப்போர் பத்தாஞ் சுற்றில் இடைநிறுத்தப்பட்டு, அதுவரை இட்ட புள்ளிகளாலேயே தீர்ந்தது. கானோ அதே அலெக்சாண்டரை 2014 டிசம்பரில் எதிர்த்துப் பன்னிரண்டு சுற்றும் ஆடி, 120–108 என்று ஒரு தீர்ப்பாளர் எழுதுமளவுக்கு மேம்பட்டு வென்றார். இச்சங்கிலியால் கானே பெரியவர் ஆகின்றார்! மூன்றாவதாக மைதானாவைக் கொண்டு வருவாரும் உளர். கான் அவரை அரிதின் வென்றார். அலெக்சாண்டர் 2012-ல் அவரை மிக எளிதாக வென்றார். அவ்வலெக்சாண்டரைப் பிராட்லி வென்றிருக்கின்றார். மறுபடியும் பிராட்லி மேலாகின்றார்.

ஒரே முறையான வாதம் ஒரே பொருளைப் பற்றி 'ஆம்' என்றும் 'அன்று' என்றும் கூறுமாயின், குற்றம் முறையிலே உள்ளது என்பது வெளிப்படை. நிறுத்தலளவைக்கே சங்கிலி வாதம் பொருந்தும். ஒரு மூட்டை மற்றொன்றினும் கனத்தது, அது மூன்றாவதினும் கனத்தது எனின், முதலாவது மூன்றாவதினும் கனத்தது என்பதில் ஐயமில்லை. மூட்டைக்கு ஆட்டமுறை என ஒன்று கிடையாது. மனிதர்க்கு உண்டு. சிறுவர் கைவிரலால் ஆடும் கல், காகிதம், கத்தரி என்னும் ஆட்டத்தில் கல் கத்தரியை வெல்லும், கத்தரி காகிதத்தை வெல்லும், காகிதமோ கல்லை வெல்லும். குத்துச்சண்டையும் பெரிதும் இத்தன்மையது.

அன்றியும் இச்சங்கிலிகளின் கண்ணிகள் தாமும் உறுதியற்றன. பிராட்லி எதிர்த்த பீட்டர்சன் வேறு. ஈராண்டு முதிர்ந்து கான் எதிர்த்த பீட்டர்சன் வேறு. அவ்வாஷிங்டன் போரில் தள்ளிய குற்றத்துக்காக நடுவர் கானிடமிருந்து இரண்டு புள்ளிகளைக் கழித்தார். தீர்ப்பாளர் இருவர் 113–112 எனப் பீட்டர்சனுக்கு எழுதினர். ஒருவர் 115–110 எனக் கானுக்கு எழுதினார். கழித்த இரண்டையும் மீளக் கூட்டிப் பார்ப்போர்க்கு, தோல்வி 114–113 என வெற்றியாய் மாறுவது விளங்கும். பின்னர் 2012-ல் மறுபோருக்கு முன் நடந்த சோதனையிலே பீட்டர்சன் உடலில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் என்னும் விலக்கப்பட்ட பொருள் காணப்பட்டமையால், அம்மறுபோரே கைவிடப்பட்டது. கான் எதிர்த்த அலெக்சாண்டரும் 140 ராத்தலினரல்லர். 147 ராத்தல் பிரிவுக்கு ஏறி, நான்காண்டு மூத்து, இளமையின் கூர்மை மழுங்கியவர். இத்தகைய கண்ணிகளைக் கோத்துத் தூக்கும் பாரம் யாதாயினும் அறுந்து வீழும்.

ஆகவே 'யார் யாரை வென்றார்' என்பதை விடுத்து, 'எவ்வாறு வென்றார், எவ்வாறு இடர்ப்பட்டார்' என்பதை நோக்கல் வேண்டும்.

குத்துச்சண்டையை அறியாதார் அதனை வலிமைப் போர் என்று கருதுவர். அறிந்தார் அதனைத் தூரப் போர் என்பர். கானின் உயரம் 5 அடி 8 அங்குலம். கைவிரிவு 71 அங்குலம். பிராட்லி அவரினும் இரண்டு அங்குலம் குட்டையர். கைவிரிவிலும் இரண்டு அங்குலம் குறைந்தவர். இரண்டு அங்குலந்தானே என்னற்க. நெடுங்கையர் தம் முன்கையை நேரே நீட்டிக் குத்தும் குத்துக்கு 'ஜாப்' என்று பெயர். அக்குத்து எட்டும் தூரத்தில் நெடுங்கையர் குத்தலாம், குறுங்கையர் குத்த இயலாது. குறுங்கையர் பயன்பெற விரும்பின் அவ்விடைவெளியைக் கடந்து உட்புகுதல் வேண்டும். கடக்கும்போதே ஒன்றிரண்டு குத்துக்களைச் சுங்கமாகச் செலுத்துதல் வேண்டும். புகுந்த பின்னரோ நிலைமை தலைகீழாகும். மார்போடு மார்பு நெருங்கிய இடத்தில் நீண்ட கைகளுக்கு மடங்கி விரிய இடமில்லை. குறுங்கைகளே விலாவிலும் தாடையிலும் விளையாடும். ஆகவே இருவரில் எவர் தாம் விரும்பிய தூரத்தில் மற்றவரை நிறுத்துகின்றாரோ அவரே அச்சுற்றுக்கு உரியவர்.

நெடுந்தூரத்திற் கானுக்கு நிகர் அக்காலத்தில் இப்பிரிவில் எவரும் இலர் என்பது எம் துணிபு. அவருடைய கைவேகம் கண்ணிமைப்பிற்குள் நான்கைந்து குத்துக்களை ஒருசேரத் தொடுப்பது. அவ்வாறு தொடுத்தவுடன் கால்களால் விலகிச் செல்வதையும் ரோச் அவர்க்குப் பயிற்றியிருந்தார். ஆனால் எதிரி உட்புகுந்தபோது கான் செய்தது வேறு. அவர் பெரும்பாலும் நேர் பின்னாகவே நகர்வார். மூலையிலோ கயிற்றிலோ முதுகு முட்டியபின் எதிரியின் கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்துவார், அல்லது கையால் தள்ளுவார். வாஷிங்டனில் இரண்டு புள்ளிகள் போனது இப்பழக்கத்தாலேயே. மற்றொரு குறையும் உண்டு. குத்துக்களை விரைந்து தொடுக்கும் அவ்வேளையிலே அவர் தாடை உயர்ந்து நிற்கும். தாடையின் பக்கத்தே படும் குத்து தலையைச் சடக்கெனத் திருப்புவதால், மண்டையோட்டினுள் மூளை அதிர்ந்து, கால்கள் மூளையின் ஏவலைக் கேளாது தளர்கின்றன. பிரஸ்காட்டிடம் நிகழ்ந்தது இதுவே. 2012 ஜூலையில் டேனி கார்சியா தம் இடக்கை வளைகுத்தால் கானை வீழ்த்தி, நான்காஞ் சுற்றில் வென்றதும் இவ்வழியிலேயே.

பிராட்லி இதற்கு மறுதலை. தலையைத் தாழ்த்தி, தோளை உயர்த்தி, இடமும் வலமும் அசைந்து முன்னேறி உட்புகுவதே அவர் ஆட்டமுறை. வலக்கையை மேலிருந்து வளைத்து வீசுவார். விலாவைத் தேடிக் குத்துவார். சுற்றுக்கள் ஏற ஏற மற்றவர் தளர்வர், அவர் தளரார். ஒரே குத்தில் எதிரியை உறங்கச் செய்யும் ஆற்றல் மட்டும் அவர்க்கு இல்லை. 2011-ன் நடுவில் அவர் பெற்றிருந்த 27 வெற்றிகளுள் 11 மட்டுமே எதிரியை முடிவுக்கு முன் நிறுத்திப் பெற்றவை. கார்சியாவுக்கும் பிரஸ்காட்டுக்கும் இருந்தது போன்ற ஒரு குத்துக் கருவி பிராட்லியிடம் இல்லை என்பதைக் கான் பக்கத்தார் வற்புறுத்துவர். இது நேர்மையான வாதம். இதனைப் பிராட்லி பக்கத்தார் பெரும்பாலும் காதில் வாங்குவதில்லை.

எனினும் பிராட்லியிடம் பிறிதொரு பொருள் இருந்தது. வீழ்ந்தபின் அவர் செய்வதைக் காண்க. ஹோல்ட்டிடம் முதற்சுற்றில் வீழ்ந்தவர் உடனே எழுந்தார். எழுந்தவர் தம் தலை தெளியவில்லை என உணர்ந்து, தாமே ஒரு முழந்தாளை ஊன்றி, நடுவர் எண்ணும் எண்ணிக்கையின் பயனை முழுதும் கொண்டு, பின்னரே நின்றார். மானத்தினும் மதியைப் பெரிதாகக் கொண்ட அவ்வொரு நொடி அவர்க்கு ஒரு பட்டத்தை ஈட்டித் தந்தது. 2013 மார்ச்சில் ரஷ்யராகிய ருஸ்லன் புரோவோத்னிகோவ் அவரைத் தொடக்கத்திலும் இறுதியிலும் நிலைகுலையச் செய்து, கடைச்சுற்றில் வீழ்த்தியும், அவர் ஒரு புள்ளி மூன்று புள்ளி வேறுபாட்டில் வென்றே மீண்டார். ஆனால் அவ்வெற்றிக்கு விலையாக மூளையதிர்ச்சி அவரைச் சில காலம் பற்றி நின்றதென்றும், பேச்சுக் குழறிற்றென்றும் அவரே பின்னர்ச் சொன்னார். நாம் நாற்காலியில் அமர்ந்து 'இவர் தாங்குவார், அவர் தாங்கார்' என வாதிக்கும்போது, அத்தாங்குதல் என்பது இத்தகையது என்பதை ஒருகணம் நினைத்தல் நன்று.

இனி, முன்கூட்டிச் செய்யும் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சோதனையும் நமக்குக் கிடைத்திருக்கின்றது. 2011 ஜனவரி 29-ஆம் நாள் மிச்சிகன் மாகாணத்துப் பான்டியாக் நகரில் நடந்த பிராட்லி – அலெக்சாண்டர் போரே அச்சோதனை. இருவரும் தோல்வி அறியாதவர், இருவரும் பட்டந்தாங்கியவர், இருவரும் முப்பதைக் காணாதவர். போருக்கு முன் மாதக்கணக்காக வாதம் நடந்தது. அலெக்சாண்டரின் இடக்கை நிலை பிராட்லியைத் தடுமாறச் செய்யுமா, பிராட்லியின் ஓயா முயற்சி அலெக்சாண்டரைச் சோர்விக்குமா என்றெல்லாம் பேசினர். நடந்தது யாது? இருவர் தலையும் மீண்டும் மீண்டும் மோதின. வலக்கை நிலையினரும் இடக்கை நிலையினரும் எதிரெதிர் நிற்கும்போது இருவர் முன்காலும் ஒரே இடத்தை நாடுவதால் இம்மோதல் எளிதில் நிகழும். அதனோடு பிராட்லி தலைதாழ்த்திப் புகும் வழக்கமும் சேர்ந்தது. பத்தாஞ் சுற்றில் மற்றுமொரு மோதலால் அலெக்சாண்டர் தொடர இயலாதவராக, போர் நிறுத்தப்பட்டது. 97–93, 96–95, 98–93 என மூவரும் பிராட்லிக்கே எழுதினர். தீர்ப்பு நியாயமானதே, பிராட்லி முன்னின்றார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மாதக்கணக்காக வாதித்தவர்களுள் தலைமோதலைத் தம் வாதத்தின் நடுவில் வைத்தார் எத்தனை பேர்? இடமும் பொருத்தமற்றது. 80,000 பேர் அமரத்தக்க பழைய விளையாட்டரங்கில், கடுங்குளிர் மாதத்தில், இரு வீரர்க்கும் சொந்தமல்லாத மாகாணத்தில் அப்போர் வைக்கப்பட்டமையால், இருக்கைகளிற் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது.

அதில் வென்றவர் கானோடு பொருவார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். 2011 ஜூலை 23 என நாளும் குறிக்கப்பட்டது. பிராட்லிக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகை பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்டது எனப் பத்திரிகைகள் எழுதின. பிராட்லி மறுத்தார். கான் பக்கத்தார் 'அஞ்சினார்' என்றனர். அச்சொல் நெடுநாள் அவரைத் தொடர்ந்தது.

அஞ்சினார் என்பதை எம்மால் ஏற்க இயலவில்லை. 11 டாலரை வங்கியில் வைத்துவிட்டுக் கடல்கடந்து, வாகையரை அவர் ஊரிலே எதிர்த்தவர், வீழ்ந்து எழுந்து வென்றவர், அலெக்சாண்டரை மறுக்காதவர். இத்தகையவர் நெஞ்சில் அச்சம் 2011-ல் திடுமெனப் புகுந்தது என்பதற்குச் சான்று வேண்டும். அதற்கு மாறான காரணமோ கண்ணெதிரே கிடக்கின்றது. அவருடைய ஏற்பாட்டாளரோடு செய்த ஒப்பந்தம் அப்போது முடியுந் தறுவாயில் இருந்தது. ஒருமுறை பொருதால் ஒப்பந்தத்தின் கட்டு நீளக்கூடும்; பொறுத்தால் தம் விருப்பப்படி வேறிடம் செல்லலாம். அவர் பொறுத்தார். மானி பக்கியாவ் என்னும் பிலிப்பைன் நாட்டுப் பெருவீரரைத் தன்பால் வைத்திருந்த டாப் ரேங்க் நிறுவனத்தை அடைந்தார். 2012 ஜூன் 9-ஆம் நாள் அதே பக்கியாவை எதிர்த்து 50 லட்சம் டாலர் ஊதியம் பெற்றார். பொருள்நோக்கில் அவர் கணக்கு பிழைபடவில்லை.

ஆயினும் பிராட்லியை முற்றும் குற்றமற்றவர் என்றும் நாம் கூறோம். பட்டந்தாங்கியவர் தம் கைக்கு மட்டும் உரியவரல்லர். அப்பட்டத்துக்கு மதிப்புக் கொடுப்போர் பொதுமக்கள். தக்க எதிரி, தக்க காலம், தக்க ஊதியம் மூன்றும் ஒருங்கே வாய்த்தபோது மறுத்ததனால், 140 ராத்தல் பிரிவில் அக்காலத்து முதல்வர் யார் என்னும் வினா தீராமலே போயிற்று. அவரும் அதற்கு ஒரு விலை கொடுத்தார். பக்கியாவை வென்றதாகத் தீர்ப்பாளர் இருவர் எழுதிய தீர்ப்பை உலகம் ஏற்கவில்லை; பட்டமளித்த சங்கமே பின்னர் அமர்த்திய ஐவர் குழுவும் பக்கியாவே வென்றார் என்றது; பிராட்லிக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. கானை முன்னரே வென்றிருந்தால் மக்கள் அவரை இவ்வளவு எளிதில் ஐயுற்றிருப்பரோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. கானோ குறித்த நாளிலேயே லாஸ் வேகாஸில் ஸாப் ஜூடாவை ஐந்தாஞ் சுற்றில் வீழ்த்தி, இரண்டாவது பட்டம் பெற்றார். பிராட்லியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஜூடாவின் பெயர் இருந்தது.

சரி, அந்நாளில் பிராட்லியே எதிர்நின்றிருப்பின்? காலத்தை வரையறாது 'யார் பெரியவர்' என்பார்க்கு விடையில்லை. 2011 ஜூலையில், 24 வயதுக் கானும் 27 வயதுப் பிராட்லியும் என வரையறுத்தால், எம் கருத்தைச் சொல்லத் துணிகின்றோம். முதல் ஐந்து சுற்றுக்களில் நான்கு கானுக்குரியன. பிராட்லி சுங்கம் செலுத்திக்கொண்டே இருப்பார். ஆறு, ஏழாஞ் சுற்று முதல் கானின் கால்கள் நேர் பின்னாக நகரத் தொடங்கும். விலாக்குத்துக்களின் கணக்கு அப்போதுதான் வெளிப்படும். கடைசி ஆறில் ஐந்தையோ நான்கையோ பிராட்லி கைக்கொள்வார். ஒருவரும் எண்ணிக்கை முடியக் கிடக்கமாட்டார். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வேறுபாட்டில் பிராட்லி வெல்வார் என்பது எம் துணிபு.

இத்துணிபை மாற்றக்கூடியவர் ஒருவர் உளர். அவர் அரங்கினுள் நிற்கும் மூன்றாமவராகிய நடுவர். இருவரும் நெருங்கிப் பிணைந்த போதெல்லாம் விரைந்து விலக்குபவராயின், ஒவ்வொரு விலக்கலும் கானுக்கு அவர் விரும்பும் தூரத்தை இலவசமாக மீட்டுக் கொடுக்கும். உள்ளே பொருதுக என விடுபவராயின் பிராட்லிக்கு நன்மை.

தலைமோதல் ஒன்று எஞ்சியுள்ளது. அது பிராட்லிக்கே துணையாகும் எனப் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பான்டியாக் நினைவினாற் சொல்லுகின்றனர். விதியை நோக்குக. தற்செயலான மோதலால் போர் தொடர இயலாது போனால், நான்கு சுற்று முடிந்திருக்குமாயின், அதுவரை இட்ட புள்ளிகளே தீர்ப்பாகும். முற்பகுதியில் முந்துபவர் கான். பிற்பகுதியில் முந்துபவர் பிராட்லி. மோதல் பத்தாஞ் சுற்றில் நேராது ஆறாஞ் சுற்றில் நேருமாயின் வெற்றி கானுடையதே. அதே ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டரில் பால் மக்லாஸ்கியை எதிர்த்தபோது கானுக்கு இவ்வாறே நேர்ந்தது. ஆறாஞ் சுற்றில் தலைகள் மோதி, மக்லாஸ்கியின் கண்ணருகே காயம் பட்டு, போர் நின்றது. மூன்று தீர்ப்பாளரும் 60–54 எனக் கானுக்கு எழுதியிருந்தனர்.